பெரியவர்களுக்கான துணி டயப்பர்

சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாத வளர்ந்தவர்கள் உள்ளாடையாக அணிந்து, நனைந்ததும் மாற்றி, துவைத்து உலர்த்தி மறுபடி அணியும் உறிஞ்சு துணியே பெரியவர்களுக்கான துணி டயப்பர். முதியவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் தண்டுவடத்தில் அடிபட்ட இளைஞர்கள், மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சில மாதம் கசிவோடு இருப்பவர்கள், பிரசவத்தில் இடுப்புத்தளத் தசை தளர்ந்த பெண்கள் என்று இதன் தேவை எல்லா வயதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிய பொருளும் அல்ல. படுக்கையில் கிடப்பவருக்குப் பழைய நூல் வேட்டியையோ நைந்த சேலையையோ மடித்து அரையில் கட்டி, அடியில் ரப்பர் ஷீட் விரிப்பது நெடுநாள் பழக்கம். இன்று கடையில் கிடைக்கும் தைத்த டயப்பர் அந்த ஏற்பாட்டுக்கே இடுப்பிலும் தொடையிலும் பிடிப்புள்ள வடிவம் கொடுத்திருக்கிறது. துணி நல்லதா, ஒருமுறை கட்டி வீசும் டயப்பர் நல்லதா என்று பொருளை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு விடை கிடையாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நனைந்ததும் மாற்றிவிட ஆள் இருக்கிறதா, துவைக்கத் தண்ணீரும் காயவைக்க வெயிலும் உண்டா, அந்தத் துவைப்பு யார் தலையில் விழுகிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகே துணி ஒரு வீட்டுக்கு உகந்ததா என்று சொல்ல முடியும்.

அமைப்பில் மூன்று அடுக்குகள்: உடலை ஒட்டி மெல்லிய விரிப்பு, நடுவில் உறிஞ்சும் மடிப்பு, வெளியே நீர் கசியவிடாத உறை. சில வகைகளில் மூன்றும் தனித்தனி. சிலவற்றில் உறையிலேயே பை தைத்திருக்கும், மடிப்பை அதில் செருகிக்கொள்ளலாம். இன்னும் சிலவற்றில் எல்லாம் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். ஒன்றாகத் தைத்ததைப் போடுவது எளிது, காயவைப்பது கடினம். ஆகவே ஈரக்காற்று மிகுந்த ஊர்களுக்குப் பிரித்துக் காயவைக்கும் வகையே தோது. லேசான கசிவுக்கு அடியில் உறிஞ்சு பட்டை தைத்த ஜட்டி போதும். பார்வைக்குச் சாதாரண உள்ளாடைபோல இருப்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. உறிஞ்சும் துணியாகப் பருத்தி, அதிலும் டர்க்கி டவல் நெசவும் ஃபிளானலும், நம்பகமானவை. மைக்ரோ ஃபைபர் வேகமாக இழுத்துக்கொள்ளும், ஆனால் நீரை இழைகளின் இடைவெளியில்தான் பிடித்து வைக்கிறது; உட்கார்ந்து அழுத்தினால் திரும்ப வெளியே விட்டுவிடும். புதிய கோராத் துணியில் பருத்தியின் இயற்கை மெழுகு இருக்கும். நாலைந்து முறை துவைத்த பின்னரே அது நன்றாக உறிஞ்சும். பழைய வேட்டி இந்த வேலைக்குப் பொருந்தியது அதனால்தான், மெழுகும் கஞ்சியும் எப்போதோ போயிருக்கும். வெளியுறைக்கு பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர் துணி நல்லது. மலிவான பிளாஸ்டிக் ஜட்டி கசிவைத் தடுத்தாலும் உள்ளே புழுங்க வைக்கும், சித்திரை வெயிலில் அதை அணிந்திருப்பது வேதனை. மாட்டுவதற்கு டிச் பட்டனோ வெல்க்ரோவோ இருக்கும். ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு வெல்க்ரோ உதவும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு ஊக்கு குத்தவே கூடாது. அது திறந்து தோலில் ஏறினாலும் அவருக்குத் தெரியாது.

உறையும் மடிப்பும் தனித்தனி என்ற இந்த யோசனை குழந்தைகளின் டயப்பரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மாரியன் டோனவன் என்பவர் பாராசூட் நைலானில் நீர் புகாத உறை தைத்து 1951-ல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டு கழித்து, 1961-ல், பேம்பர்ஸ் என்ற வீசும் டயப்பர் சந்தைக்கு வந்து, துணியின் இடத்தைக் காகிதக்கூழ் பிடிக்கத் தொடங்கியது. 1980-களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற மீயுறிஞ்சு துகள் சேர்ந்ததும் ஒப்பீடே மாறிப்போனது. உப்புள்ள சிறுநீரிலும் தன் எடையைப்போலப் பல பத்து மடங்கை இழுத்துக் கூழாக்கி, அழுத்தினாலும் விடாமல் வைத்துக்கொள்ளும் பொருள் அது. பெரியவர்களுக்கான வீசும் டயப்பர் பெரிய சந்தையானதும் அந்தப் பத்தாண்டில்தான். முதியோர் மிகுந்த ஜப்பானில் 2010-களின் தொடக்கத்திலேயே ஒரு முன்னணி நிறுவனத்தின் விற்பனையில் பெரியவர்களின் டயப்பர் குழந்தைகளுடையதை முந்திவிட்டது. தமிழ்நாடும் அந்தத் திசையில்தான் போகிறது. 2021-க்கான மதிப்பீட்டில் மாநில மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடியான விகிதம் இது.

டயப்பர் என்ற பேச்சை எடுப்பதற்கு முன்னால் கசிவின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடப்படும் கசிவில் கணிசமான பகுதி மருத்துவத்தால் குறையக்கூடியது. சிறுநீர்த்தொற்று, கட்டுப்படாத சர்க்கரை, மலச்சிக்கல், மாலையில் விழுங்கும் நீர் மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர்ப்பை நிரம்பி வழிவது, இவை ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம் உண்டு. இருமும்போதும் தும்மும்போதும் கசிகிற பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி பலன் தருகிறது. மருத்துவர் அர்னால்டு கீகல் அதை 1948-ல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னார். கழிப்பறைக்குப் போகும் நேரத்துக்குள் நடக்க முடியாமல் போவதே சிலரின் சிக்கல். அவர்களுக்குக் கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி, சுவரில் கைப்பிடி, இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லும் ஒரு துணை இருந்தால் டயப்பரின் தேவையே பாதியாகும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கால்கள் திடீரெனத் தளர்ந்து உட்காரும் பகுதி மரத்துப்போய்க் கட்டுப்பாடு இழந்தாலோ அது உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை. துணியோ வீசுவதோ, டயப்பர் நோயை மறைக்கும் மூடியாகிவிடக் கூடாது.

துணிக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான ஆட்சேபம் தோல் பற்றியது, அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். நலமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அமில அளவு (pH) ஏறத்தாழ 4-லிருந்து 6 வரை. நுண்ணுயிர்களைத் தடுப்பதும், மேல்தோலின் கொழுப்பைக் காப்பதும் அந்த அமிலம்தான். சிறுநீரிலுள்ள யூரியாவை மலத்திலிருக்கும் பாக்டீரியாக்கள் அமோனியாவாக உடைக்கும்போது தோல் காரமாகிறது. கார நிலையில் மலத்தின் செரிமான நொதிகள் முனைப்படைந்து தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. 1980-களில் குழந்தைகளின் டயப்பர் புண் பற்றிய ஆய்வுகள் இந்த வழியைத் தெளிவாக்கின. முதியவரின் மெலிந்த தோலிலும் நடப்பது இதுவே. ஈரத்தில் ஊறிய தோல் உராய்வில் சீக்கிரம் கிழியும். மீயுறிஞ்சு துகள் ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கிவிடுகிறது, பருத்தியால் அந்த அளவுக்கு முடியாது. பெரியவர்களுக்கான உறிஞ்சு பொருட்கள் குறித்து, மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, சான்றுகள் குறைவு என்று எச்சரித்துக்கொண்டே, துவைத்துப் பயன்படுத்துவதைவிட வீசுவதில் தோல் தொல்லை குறையலாம் என்ற முடிவுக்கு வந்தது. துணியே இயற்கை, ஆகவே தோலுக்கு உகந்தது என்று விளம்பரம் சொல்வதை இந்தச் சான்று தாங்கவில்லை.

ஆனால் அதே சான்றின் மறுபக்கமும் உண்டு. தோலைக் கெடுப்பது ஈரமும் மலமும் தங்கியிருக்கும் நேரம். மீயுறிஞ்சு டயப்பரின் பலத்தை நம்பி, செலவை நினைத்துக் காலையில் கட்டியதை மாலைவரை விட்டுவைக்கும் வீடுகள் ஏராளம். துணி அப்படி விட்டுவைக்க இடம் கொடுக்காது. நனைந்த உடனே கனக்கும், அணிந்தவருக்கே தெரியும், மாற்றச் சொல்வார். நனைந்த அரைமணிக்குள் மாற்றப்படும் துணியையும் பத்து மணிநேரம் கட்டிக்கிடக்கும் வீசும் டயப்பரையும் ஒப்பிட்டால் தோல் எதை விரும்பும் என்பது வெளிப்படை. ஆகவே கேள்வி மாற்றும் ஆளைப் பற்றியதாகிறது. பகலில் வீட்டில் ஆள் இருந்து, அணிபவரும் சொல்லக்கூடியவரானால் துணி நன்றாக ஈடுகொடுக்கும். இரவு முழுக்க மாற்ற ஆளில்லாவிட்டால், பேச்சிழந்தவரானால், வயிற்றுப்போக்கு இருந்தால், முதுகில் ஏற்கெனவே படுக்கைப்புண் வந்திருந்தால், மீயுறிஞ்சு டயப்பருக்குப் போய்விடுவதே சரி. பிரிட்டனில் மாண்டி ஃபேடர் தலைமையிலான குழு 2008-ல் வெளியிட்ட பெரிய ஒப்பாய்வும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பொருள் கிடையாது என்றே கண்டது. பெண்களில் பெரும்பாலோர் துணி டயப்பரை ஏற்கவில்லை. வீட்டில் வாழ்ந்த ஆண்களில் சிலர் இரவுக்கு அதையே விரும்பினார்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனக் கலந்து பயன்படுத்தினால் செலவும் கசிவும் குறையும் என்பதும் அதில் தெரிந்தது. துணிப் பக்கமோ வீசும் பக்கமோ நின்று வாதிடுபவர்கள் இந்தக் கலப்பு வழியை ஏனோ பேசுவதில்லை.

அணிவிப்பதில் மூன்று செய்திகள் முக்கியம். மடிப்பு எங்கே தடிமனாக இருக்க வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது: ஆண்களுக்கு முன்புறம், பெண்களுக்கு நடுவில், மல்லாந்து படுப்பவருக்குப் பின்புறம். உறைக்கு வெளியே துணியின் ஒரு நூல்கூடத் தலைகாட்டக் கூடாது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த விளிம்பு ஈரத்தை இழுத்து லுங்கியையும் படுக்கையையும் நனைத்துவிடும். தொடை எலாஸ்டிக் கவட்டுக்குள் பதிய வேண்டும், தோலில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கக் கூடாது. கசியுமோ என்ற பயத்தில் இரண்டு மூன்று மடிப்பை அடுக்குவது பொதுவான தவறு. எழுந்து நடப்பவருக்குத் தொடைகளை விரிக்க வைத்து நடையைக் கெடுத்து, விழும் அபாயத்தைக் கூட்டும். படுத்தவருக்கு அந்தத் தடிமனும் சுருக்கமுமே முதுகின் அடியெலும்பில் அழுத்தம் கொடுக்கும். படுக்கைப்புண்ணைத் தடுக்கக் காற்றுமெத்தை வாங்கிப் போட்டதன் பயனே போய்விடும். ஆடையைப் பொறுத்தமட்டில் லுங்கி, வேட்டி, நைட்டி ஆகியவை மாற்றுவதற்கு எளிது, தடிமனையும் மறைக்கும். சேலை கட்டுபவர்கள் உள்பாவாடை நாடாவைச் சற்றே தளர்த்திக் கட்டினால் உறையின் இடுப்புப் பட்டி உறுத்தாது. பஸ் பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் நனைந்த துணியைச் சுமந்து திரிவது சிரமம். அன்றைக்கு வீசும் டயப்பர் போட்டுக்கொள்வதில் எந்தக் கொள்கையும் தோற்றுவிடாது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தோலை வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னோக்கித் துடைப்பது சிறுநீர்த்தொற்றைத் தவிர்க்கும். சாதாரணச் சோப்பு காரமானது. ஒவ்வொரு தடவையும் போட்டால் தோலின் அமிலக் காப்பு கரைந்துபோகும். டால்கம் பவுடர் கவட்டில் நனைந்து கட்டிகட்டியாகி உராய்வைக் கூட்டும். தோல் சிவந்தால் ஜிங்க் ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகத் தடவலாம், ஆனால் இவை துணியில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். அதனால் நடுவே ஒரு மெல்லிய விரிப்புத் துணி போட்டுக்கொள்ள வேண்டும். கவட்டில் கருஞ்சிவப்பாகப் படர்ந்து ஓரத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை, சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். அதற்குப் பூஞ்சைக்கான மருந்து வேண்டும், வெறும் களிம்பு போதாது.

துணி டயப்பரின் வெற்றி தோல்வி துவைக்கும் கல்லில்தான் தெரியும். மலம் இருந்தால் முதலில் அதைக் கழிப்பறையில் தட்டி, கைக்குழாயின் வேகத்தில் அலசிவிட வேண்டும். முதல் அலசலுக்குக் குளிர்ந்த நீர்தான்; சுடுநீர் பட்டால் மலத்திலும் ரத்தத்திலுமுள்ள புரதம் துணியோடு உறைந்து கறையாகிவிடும். அலசியதைப் பிழிந்து, காற்றுப்படும் கூடையில் போட்டு அன்றன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள், துவைக்க வேண்டும். வாளி நிறையத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் அமோனியா நாற்றம் ஏறும், உறையின் பூச்சும் எலாஸ்டிக்கும் கெடும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வாளியே ஆபத்து. தமிழ்நாட்டில் பல ஊர்களின் போர்த் தண்ணீர் கடினநீர். அதில் சோப்புக் கட்டி திரிந்து, வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும், சில வாரத்தில் துணி அட்டைபோல விறைத்து உறிஞ்சாமல் போகும். சோப்புக் கட்டிக்குப் பதில் டிடர்ஜென்ட் தூளும் கொஞ்சம் சலவைச் சோடாவும் போட்டு, நுரை முற்றிலும் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுவது இதற்கு வழி. துணியில் தங்கும் சோடா தோலுக்கு எதிரி என்பதால் கடைசி அலசலில் சோம்பல் கூடாது. கஞ்சி போடக் கூடாது. மணத்துக்காகச் சேர்க்கும் மென்மையூட்டி இழைகளின் மேல் கொழுப்புப் படலம் போட்டு நீரை விலக்கும், அதுவும் வேண்டாம். துவைத்த துணி காய்ந்தபோது மணமற்று, நனைந்ததுமே நெடியடித்தால் உள்ளே படிவு சேர்ந்திருக்கிறது என்று பொருள். உறையைத் தனியே எடுத்துவிட்டு, மடிப்புத் துணிகளை மட்டும் டிடர்ஜென்ட் கலந்த சுடுநீரில் ஊறவைத்துப் பலமுறை அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கிருமிநீக்கம் பற்றிய அச்சம் அடுத்த ஆட்சேபம். மருத்துவமனைச் சலவைக்குப் பிரிட்டன் வகுத்த அளவு, 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம். நம் ஊர் வண்ணார் துறைகளில் உவர்மண் கரைசலில் நனைத்த துணியை ஆவியில் வேகவைத்த வெள்ளாவி முறை இந்த வெப்பத்தைத் தாராளமாகக் கடந்தது. காரமும் ஆவியும் சேர்ந்த அந்தப் பழைய முறை கறை நீக்கியதோடு கிருமியையும் கொன்றது என்பதில் ஐயமில்லை. வீட்டிலும் பருத்தி மடிப்பை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டெடுக்கலாம். உறையைக் கொதிக்க வைக்கக் கூடாது. ஒரே ஆள் தன் துணியைத் தானே அணியும்போது, நன்கு அலசி வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்த துணி அன்றாடத்துக்குப் போதும். வயிற்றுப்போக்கோ தொற்றோ இருந்தால் மட்டும் சூட்டின் தேவை கட்டாயமாகிறது. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் தோய்ந்த துணியின்மேல் நேராகக் கொட்டுவது ஆபத்தான பழக்கம். அமோனியாவோடு சேர்ந்து மூச்சைத் தாக்கும் குளோரமின் வாயு கிளம்பும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அது கலந்தால் குளோரின் வாயுவே வரும். போடுவதானால் முழுக்க அலசிய துணிக்கு, நீர்த்த கரைசலாக, காற்றோட்டமான இடத்தில் போட வேண்டும். காயவைப்பதில் பருத்திக்கு நேர் வெயிலும் உறைக்கு நிழலும் உகந்தவை. கடும் வெயில் உறையின் பூச்சை வெடிக்க வைக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மடிப்புகள் இரண்டு நாளானாலும் காயாது, அரைகுறையாகக் காய்ந்த துணி பூஞ்சைக்கு விருந்து. ஒருநாளைக்கு ஆறேழு மாற்றம் என்று வைத்தால் கோடையில் பதினைந்து மடிப்பும் நாலைந்து உறையும் சுற்றுக்குப் போதும். மழைக்காலத்துக்கு இன்னும் பத்து மடிப்பாவது வேண்டும். அது இல்லாத வீடு அந்த மாதங்களில் வீசும் டயப்பரை வாங்கித் தீர வேண்டும்.

செலவுக் கணக்கு துணியின் பக்கம் நிற்கிறது. வீசும் டயப்பர் ஒன்று தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 30 ரூபாயிலிருந்து 60 ரூபாய்வரை விற்கிறது. 40 ரூபாய் என்று வைத்து நாளுக்கு மூன்று கட்டினாலே மாதம் 3,600 ரூபாய். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. டயப்பர் செலவு அதில் மூன்று மடங்கு. இந்த இடைவெளிதான் ஒரே டயப்பரை நாள் முழுக்கக் கட்டிவைக்கச் செய்கிறது. பகலுக்குத் துணி, இரவுக்கு ஒரு வீசும் டயப்பர் என்றால் டயப்பர் வாங்கும் செலவு 1,200-க்கு இறங்கிவிடும். சுற்றுச்சூழல் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் குழந்தைகளின் டயப்பரை ஒப்பிட்டபோது, இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டில் வீசுவதற்கு 550 கிலோ கரியமில வாயு, துணிக்கு 570 கிலோ என்று ஏறத்தாழச் சமமாகவே வந்தது. அதிக வெப்பத்தில் துவைத்து இயந்திரத்தில் காயவைத்தால் துணி இன்னும் மோசம். கொடியில் காயவைத்து, இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்தால் வெகுவாகக் குறைந்தது. 2023-ல் வெளியான அடுத்த கணக்கில் துணி 25 சதவீதம் முன்னேறியிருந்தது. இவை பெரியவர்களைப் பற்றிய கணக்குகள் அல்ல. ஆனாலும் இயந்திர உலர்த்தி இல்லாமல் கொடியிலேயே காயவைக்கும் தமிழ்நாட்டு வழக்கம் துணிக்குச் சாதகமானது என்று இவற்றிலிருந்து கொள்ளலாம். தண்ணீர்தான் எதிர்க்கணக்கு. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துநின்ற நாள்களில் நாளுக்குச் சில வாளிகளைத் துணி அலசச் செலவிடு என்று எவரிடமும் சொல்லியிருக்க முடியாது. மறுபுறம், வீசும் டயப்பர் குப்பையில் போய் மறைந்துவிடுவதுமில்லை. திடக்கழிவு விதிகள் அதைப் பொதிந்து தனியே கொடுக்கச் சொல்கின்றன. பல வீடுகளில் அப்படி நடப்பதில்லை, மலத்தோடு கூடிய பொதியைத் தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்க நேர்கிறது.

யாருடைய கைகள் அதைத் தொடுகின்றன என்ற கேள்வி துணிக்கும் உண்டு, அங்கே இன்னும் கூர்மையாக எழுகிறது. தமிழகத்தில் தீட்டுப்பட்டதாகக் கருதப்பட்ட துணிகளை, பிரசவத் துணியையும் சாவுத் துணியையும், துவைக்கும் வேலை பிறப்பைக் கொண்டு சிலர்மீது சுமத்தப்பட்டது. தலித் மக்களுக்குத் துவைத்த புதிரை வண்ணார் எல்லோருக்கும் கீழாக வைக்கப்பட்டார்கள். இமையத்தின் கோவேறு கழுதைகள் நாவல் 1994-ல் அவர்களின் வாழ்வை எழுத்தில் நிறுத்தியது. இன்று துணி டயப்பரைப் பரிந்துரைக்கும் மருத்துவரோ கட்டுரையாளரோ, இதை யார் துவைப்பார் என்று கேட்காமல் விட்டால் அந்தப் பழைய ஏற்பாடு வேறு பெயரில் திரும்பிவரும். வீட்டில் அது மருமகளின் தலையிலோ மகளின் தலையிலோ விழுகிறது, வசதியுள்ள இடத்தில் வீட்டுவேலைக்கு வரும் பெண்ணிடம் போகிறது. பாத்திரம் கழுவப் பேசிய சம்பளத்திலேயே மலத்துணியையும் துவைக்க வைப்பது அநியாயம். தனிக் கூலி, ரப்பர் கையுறை, மறுக்கும் உரிமை மூன்றும் அவருக்கு இருக்க வேண்டும். மலத்தை அலசி நீக்கும் முதல் வேலையை வீட்டார் செய்ய வேண்டும், ஆண்களும் அதில் அடக்கம். இவ்வளவு உழைப்புத் தேவைப்படுகிற பொருளைச் சிபாரிசு செய்வதே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. வீசும் டயப்பரிலும் உழைப்பு இருக்கிறது, அது வீட்டைத் தாண்டித் தூய்மைப் பணியாளரிடம் போகிறது, அவ்வளவே. வீட்டுக்குள் இருக்கும் உழைப்பையாவது பார்த்துப் பேசிப் பங்கிட முடியும். பங்கிட ஆளில்லாத வீட்டில், ஒரே பெண் வேலைக்கும் போய் நோயாளியையும் பார்க்கும் வீட்டில், இந்த எதிர்வாதம் முழுக்கச் சரி. அங்கே துணி வேண்டாம்.

அணிபவரின் விருப்பம் இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டும். மாற்றச் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் நிறைய. அதனால் சிறுநீர் செறிந்து சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டி, கசிவும் நெடியும் கூடும், மலச்சிக்கலும் வரும். கதவைச் சாத்திவிட்டு மாற்றுவதும், அடுத்தவர் முன்னால் அதைப் பற்றிப் பேசாமலிருப்பதும், முடிந்தவரையில் அவர் கையாலேயே மாற்றிக்கொள்ள விடுவதும் பராமரிப்பின் பகுதி. நாள் முழுக்க வீசும் டயப்பர் உறுத்துகிறது, நூல் துணிதான் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று ஒருவர் சொன்னால், மாற்ற ஆளிருக்கும் வீட்டில் அதை மறுக்கக் காரணம் இல்லை. துணிக்குத் திரும்புவது தன்னைப் பழைய காலத்துக்குத் தள்ளுவதாக ஒருவர் நினைத்தால் அதையும் மதிக்க வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் படுக்கையிலிருப்பவர்களின் வீட்டுக்கே போகிறார்கள். இந்த முடிவை எடுக்க உதவும் இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். தோலைப் பார்ப்பதோடு கொல்லைப்புறக் குழாயையும் கொடியையும் பார்த்து, ராத்திரி எழுந்து மாற்றுவது யார், துவைப்பது யார் என்றும் கேட்டு, பகலுக்கு எத்தனை துணி, இரவுக்கு எது என்று அந்த வீட்டுக்கு ஏற்பச் சொல்ல அவர்களால் முடியும். பூச்சு உரிந்து வெளிச்சத்தில் புள்ளி தெரியும் உறையையும், துவைத்த பிறகும் நெடி போகாத மடிப்பையும் எடுத்துப் போடச் சொல்வதும் அந்த வருகையிலேயே நடக்கலாம். துவைக்க வழியில்லாத ஏழை வீடுகளுக்கு இரவுக்கான வீசும் டயப்பரை அரசே கொடுப்பது, மருந்து மாத்திரை கொடுப்பதைப் போலவே நியாயமான கோரிக்கை.